மின்வெட்டைத் திருப்பித் தாருங்கள்

இலங்கை மின்சார சபையின் தலைவருக்கும் பொறியியலாளர்களுக்கும்,

ஐயாமாரே, அம்மாமாரே,

உங்களுக்கு வருகிற கடிதங்கள் வழமையாகக் கரண்ட் ஏன் போனது என்று கேட்கும். இது, ஏன் போகவில்லை என்று கேட்கிற கடிதம். சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு 2024 இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டதால், என் விண்ணப்பம் எந்தத் துண்டுக்குப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பொருத்தமான துண்டு எடுத்துக்கொள்ளட்டும்.

விசயத்துக்கு வருகிறேன். மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் காரைநகரின் ஈழத்துச் சிதம்பரத்தானைக் கும்பிடக் கனடாவிலிருந்து வந்த என் மனைவியின் தமக்கை, சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டியையும் மகனுக்குக் கொண்டுவந்து இறக்கினார். "ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ, நேரக் கட்டுப்பாடு போடலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அன்றிலிருந்து, தீவில் பிறந்த பிள்ளை திரைக்குள் இன்னொரு தீவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். கசூரினாக் கடற்கரை சைக்கிள் ஓடுகிற தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி எந்தக் கம்பனியுடையது என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நின்டென்டோ 2017 இல் ஸ்விட்ச் பெட்டியோடு பெற்றோருக்கென்று ஒரு செயலியும் விட்டது. ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் என்று அதில் குறித்துவிடலாம். நேரம் முடிந்ததும் திரையில் ஓர் அறிவித்தல் வரும். அவ்வளவுதான், விளையாட்டு தன் பாட்டில் ஓடும். ஓடாமல் நிறுத்துவதற்கு வேறொரு தெரிவு உண்டு. அதையும் பெற்றோர் தேடிப் பிடித்து முடுக்கிவிட வேண்டும். பிளேஸ்டேஷன் 4 இல் கட்டுப்பாட்டுக்கான இரகசிய இலக்கம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நாலு பூச்சியம். அதை மாற்றினாலும், விருந்தினராக உள்ளே வருகிற வழியையும் புதுப் பயனர் தொடங்குகிற வழியையும் தனியாக அடைக்க வேண்டும். வாசலுக்குப் பூட்டுப் போட்ட வீட்டில் பிள்ளை கிணற்றடிப் பக்கத்தால் விருந்தாளியாக வருகிறான்.

நான் மோட்டார் சைக்கிள் இலக்கத்தை இரகசிய இலக்கமாக வைத்தேன். அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டான். மாற்றினேன். பிறகு பெட்டியின் மணிக்கூட்டை ரொறன்ரோ நேரத்துக்குத் திருப்பிவிட்டு, "அங்க இப்பதான் பகல் பதினொண்டரை அப்பா" என்றான். காரைநகரில் இரவு ஒன்பது மணி.

இதில் என் மகனைத் தனியே குறை சொல்லவும் முடியாது. 2014 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் தகப்பனின் எக்ஸ்பொக்ஸ் கணக்குக்குள் புகுந்தான். முதலில் பிழையான கடவுச்சொல் அடித்தான். சரிபார்க்கிற திரை வந்ததும் வெற்றிடங்களாக நிரப்பினான். கதவு திறந்தது. தகப்பனுக்குக் கணினிப் பாதுகாப்புத்தான் தொழில்! மைக்ரோசொஃப்ட் அந்தப் பிள்ளைக்கு அடி போடவில்லை. பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடித்தவர்களின் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்து, நாலு விளையாட்டும் 50 டொலரும் ஒரு வருடச் சந்தாவும் கொடுத்தது.

அரசாங்கங்களும் முயன்று பார்த்தன. தென்கொரியா 2011 இல் சட்டம் போட்டது: பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நடுச்சாமம் தொடங்கிக் காலை ஆறு மணிவரை இணையத்தில் விளையாடக்கூடாது. பிள்ளைகள் தாய் தகப்பனின் அடையாள இலக்கத்தோடு உள்ளே போனார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அரசாங்கமே சட்டத்தைக் கைவிட்டது. சீனா 2021 இல் இன்னும் இறுக்கியது. வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. அதன் பிறகு பேரப்பிள்ளைகள் அம்மம்மாவின் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினார்கள்.

நின்டென்டோவின் கியோட்டோ, மைக்ரோசொஃப்டின் ரெட்மண்ட், சியோல், பெய்ஜிங் எல்லாம் தோற்ற இடத்தில் வென்றது நீங்கள் மட்டும்தான். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் நாட்டையே இருட்டில் வைத்தீர்கள். ஊர்களை ஏ, பி, சி என்று பிரித்து அட்டவணை போட்டீர்கள். இரகசிய இலக்கம் கிடையாது, விருந்தினர் வாசல் கிடையாது. ரொறன்ரோ நேரத்துக்கு மாற்றினாலும் இருட்டு இருட்டுத்தான். 2025 மாசி 9ஆம் திகதி, பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் நிற்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாட்டையும் நிறுத்தியது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அந்தக் குரங்குக்கு இருந்த அதிகாரத்தில் கால்வாசி எனக்கு என் வீட்டில் இருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவையே வந்திராது.

அப்படிப்பட்ட நீங்கள் 2023 மாசியில் கட்டணத்தை 66 வீதம் கூட்டி, இனித் தடையில்லாத மின்சாரம் என்றீர்கள். காசையும் கூட்டிக் கரண்டையும் தந்தால் தாய் தகப்பன் எங்கே போவது?

வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை என்பதையும் பதிய வேண்டும். "நீ செய்யாததையே அவன் செய்யிறான்?" என்று என் ஐயா கேட்கிறார். 1990 இல் யுத்தத்தோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. 1991 இல் காரைநகரே இடம்பெயர்ந்து பொன்னாலைத் தாம்போதிக்கு அங்கால் போனது. பற்றரியும் தடை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் றேடியோ கேட்டது உண்மைதான். இரவு பிபிசி தமிழோசை முடியுமட்டும் சுற்றுகிறவன் கை ஓயக்கூடாது. மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியதும் உண்மை. ஆனால் ஐயாமாரே, அது அரசாங்கம் போட்ட தடை, மீறினால் கெட்டித்தனம். இது தகப்பன் போட்ட தடை. இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தப் போனபோது மகன் இடையில் புகுந்து, கரண்ட் போனால் டைனமோவால் பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றலாமா என்று தாத்தாவிடம் கேட்டான். ஐயா கொப்பி ஒற்றையில் படம் கீறிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் பணிவான வேண்டுகோள்கள் சில. பழைய 13 மணித்தியாலத்தில் கை வைக்க வேண்டாம், அது நல்ல கணக்கு. 2019 இல் வந்த ஸ்விட்சின் பற்றரி கூடினால் ஒன்பது மணித்தியாலம் நிற்கும் என்று கம்பனியே சொல்கிறது. கழித்தால் நாலு மிச்சம்; அதற்குள் ஒரு கணக்குப் பயிற்சியாவது செய்விக்கலாம். ஆனால் கரண்ட் போனதும், வெளிநாட்டுக் காசில் கூரை முழுக்கச் சூரியத் தகடும் பற்றரியும் போட்ட வீடுகளுக்குப் பொடியள் படையெடுப்பார்கள். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குக் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டீர்களே, அதே வேண்டுகோளைப் பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் விட முடியுமா?

வரவேற்பறைக்கு மட்டும் வெட்டு வேண்டாம். இரவில் தொடர் நாடகங்கள் இருக்கின்றன, அதன் பிறகு நான் செய்தி பார்க்க வேண்டும், என் போனுக்கும் சார்ஜ் வேண்டும். பெரியவர்களின் திரை வேறு. அதை இந்தத் திட்டத்தோடு சேர்த்துக் குழப்பக்கூடாது.

கடைசியாக ஒன்று: தயவுசெய்து அட்டவணையைப் பத்திரிகையில் போடாதீர்கள். 2022 இல் எங்கள் பகுதிக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்பதை வீட்டில் முதலில் பாடமாக்கியவன் என் மகன்தான். இம்முறையும் முன்கூட்டியே அறிவித்தால், நாங்கள் விளக்குக்குத் திரி தேடி முடிப்பதற்குள் அவன் பெட்டிக்கு முழுச் சார்ஜ் ஏற்றியிருப்பான்.

இப்படிக்கு,
கட்டணம் தவணை தவறாமல் கட்டிவரும் தகப்பன் ஒருவன்,
காரைநகர்.