அடாப்டர் முந்தியதா, ரவுட்டர் முந்தியதா?

ஆய்வுப் பொருள்

மோடம், ரவுட்டர், தொலைபேசி அடாப்டர் ஆகிய மூன்று பெட்டிகளை எந்த வரிசையில் கோப்பது? வோனேஜ் போன்ற இணையத் தொலைபேசிச் சேவைகள் 2000-களில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தபோது எழுந்த வினா இது. அறிஞர் எவரும் இதைத் தீர்க்க முன்வரவில்லை. வயர்கள் மேசைக்கு அடியில் கிடப்பதும், அறிஞர்கள் அவ்வளவு தூரம் குனியாததும் காரணம் எனலாம்.

மூல முரண்

யார் வேண்டுமானாலும் எந்நேரமும் கூப்பிடலாம் என்பது தொலைபேசியின் இலக்கணம். உள்ளிருந்து எவரும் கேட்காத எதையும் உள்ளே விடலாகாது என்பது ரவுட்டரின் இலக்கணம். ஆர்.எஃப்.சி. 1631 என்னும் ஆவணம் 1994-இல் விவரித்த ‘நாட்’ முறையின் வழிவந்த ஏற்பாட்டில், வீட்டுக் கருவிகள் யாவும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால், பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளில் மறைந்து வாழ்கின்றன. அழைப்பை ஏற்பாடு செய்யும் எஸ்.ஐ.பி. நெறியோ வெள்ளந்தி, தன் உள்முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடும். மறுமுனை அதை நம்பிக் குரலை அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. அரசியல் மேடைகளில் இயல்பான இந்நிலை, தொலைபேசியில் மட்டும் குறைபாடாகக் கருதப்படுகிறது.

இரு கலைகள்

முன்கலையார் அடாப்டரை மோடத்துக்கு அடுத்தே வைப்பர். ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட்டும் அதைச் சுமக்கும் பாக்கெட்டுகளுக்குச் சற்று மேலும் போதும். ஆனால் அது ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். பிள்ளைகள் படம் இறக்கும் வீட்டில், குரலுக்கே முதல் மரியாதை என்பது இவர்கள் வாதம். பின்கலையார் அடாப்டரை ரவுட்டருக்குப் பின்னே வைப்பர். இவர்கள் ஆதாரம் லிங்க்ஸிஸ் பிஏபி2 என்னும் அடாப்டர். அதில் ஈதர்நெட் துளை ஒன்றே; முன்னே வைத்தால் ரவுட்டரைச் செருக இடமில்லை. ஆகவே கொள்கையே துளையைத் தீர்மானிக்கிறது என்பார் கூற்று பொருந்தாது. துளைதான் கொள்கையைத் தீர்மானிக்கிறது என்க.

பின்கலைக்குள்ளும், குட்டி தாயைப் பற்றுவதா, தாய் குட்டியைக் கவ்வுவதா என வைணவர் அறிந்த பிளவு உண்டு. குரங்குக்குட்டி நெறியில், அடாப்டர் அடிக்கடி சேவையகத்துக்கு ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, ரவுட்டர் திறந்த வழி மூடிவிடாதபடி தானே பற்றிக்கொண்டிருக்கும். பூனைக்குட்டி நெறியில் அடாப்டருக்கு முயற்சியே வேண்டாம். போர்ட் ஃபார்வர்டிங் செய்துவிட்டால் எஸ்.ஐ.பி.யின் 5060 என்னும் போர்ட்டுக்கு வருவதையெல்லாம் ரவுட்டரே கவ்விவந்து சேர்க்கும். எல்லாவற்றையும் என்பதே இங்குச் சிக்கல். ஊர் பேர் தெரியாத ஸ்கேனர் நிரல்கள் அவ்வழியே வந்து நள்ளிரவில் மணியடிக்கும். எடுத்தால் ஆள் இருக்காது. ஆதலின் குரங்குக்குட்டியே கொள்ளத்தக்கது.

ரவுட்டர்கள் பலவற்றில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்றொரு வசதி உண்டு. உதவுகிறேன் பேர்வழி என்று செய்தியைப் பிரித்து முகவரிகளைத் திருத்தி, பல நேரம் இருந்ததையும் கெடுத்துவைக்கும். அதை அணைத்துவிடுக.

செய்முறை

தொலைபேசி வயரின் முனை ஈதர்நெட் துளைக்குள்ளும் நுழையும். நுழைந்ததாலேயே பொருந்திற்று எனக் கொள்ளற்க. அடாப்டரின் தொலைபேசித் துளையைச் சுவர் சாக்கெட்டில் இணைத்து வீடெங்கும் மணி ஒலிக்கச் செய்ய விரும்புவோர், வெளியிலிருந்து வரும் பழைய தொலைபேசிக் கம்பெனி இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். அதில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் இருக்கும், மணியடிக்கையில் 90 வரை ஏறும், அடாப்டர் தாங்காது. பிறகு ரிசீவரை எடுத்து நான்கு நட்சத்திரங்களையும் 110#-ஐயும் அழுத்தினால், பிஏபி2 தன் உள்முகவரியை வாய்விட்டே சொல்லும்.

முடிபு

மோடம், ரவுட்டர், அடாப்டர் என்பதே வரிசை. மின்சாரம் போய் வந்தால் உயிர்ப்பிக்கும் வரிசையும் அதுவே. மின்சாரம் போனால் முன்கலை, பின்கலை இரண்டும் ஊமையாகும். எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தில் ஓடிய பழைய தொலைபேசிக்கு இக்குறை இல்லை. எல்லாம் சரியாக அமைந்தபின் மணி ஒலிக்கும். எடுத்தால், கார் வாரண்டியை நீட்டிக்கச் சொல்லும் பதிவுக் குரல். ரவுட்டரின் இலக்கணமே சரியானதோ என்னும் ஐயம் அங்கே எழும். அது தனி ஆய்வுக்குரியது.