வீட்டுக்காரர் புகழ்

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் அருமை தெரியவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீருக்காக உங்களைப் போல் பாடுபடுகிறவர் யார்? ஐயா, உங்களைப் புகழத்தான் இதை எழுதுகிறேன்.

மே மாதம் பிறந்தால் நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை. லாரி நள்ளிரவுக்கு மேல்தான் வரும் என்றாலும் வாசலில் காத்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் போன் எண் மறந்தாலும் லாரிக்காரர் எண் மறப்பதில்லை. குழாயைச் சம்ப்பில் இறக்கி, டேங்கரில் இருந்த கடைசிச் சொட்டு வடியும்வரை அசையாமல் நிற்கிறீர்கள். போர் வற்றினால் மனம் தளர்வதில்லை. நூறு அடியை இருநூறாக்கினீர்கள், இருநூறை முந்நூறாக்கினீர்கள். பாறை வந்தாலும் நிறுத்தவில்லை, கடன் வாங்கினாலும் நிறுத்தவில்லை.

வாங்குவதில் இவ்வளவு கண்ணாக இருக்கிறவர், கொடுக்கும்போது கணக்கே பார்ப்பதில்லை. சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அதில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். ஆவியானது, சிதறியது எல்லாம் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டராவது தேறும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். அத்தனையையும் மாடிக் குழாய் வழியே தெருவுக்கு வழங்கிவிடுகிறீர்கள். பாரி தேர் கொடுத்தான் என்றால், முல்லைக்கொடி பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்ததை அவன் கண்ணால் கண்டான். உங்கள் தெரு வடிகாலோ எதையும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்தீர்கள். டிசம்பரில் கொடுத்ததையே மே மாதம் விலைக்கு வாங்கும்போதும் கொடுத்ததைச் சொல்லிக் காட்டியதில்லை.

சட்டத்துக்கு அடங்கியவர் என்றும் உங்களைச் சொல்ல வேண்டும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. நீங்கள் கெடுவுக்குள் குழி எடுத்தீர்கள், கருங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கினீர்கள், மாடித் தண்ணீரைக் குழாய் போட்டு அதில் விட்டீர்கள். அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதற்கு உங்கள் குழியும் ஒரு காரணம். மாடிக் குழாய் தெருப்பக்கம் திரும்பிவிட்டாலும் அந்தக் குழி இன்றும் இருக்கிறது. அதன் மூடிமேல் குரோட்டன்ஸ் தொட்டி நிற்கிறது, உள்ளே மணல் களியாக இறுகிக் கிடக்கிறது. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர்வரை சிமென்ட் போட்டு, மேலே பேவர் பிளாக் பதித்துவிட்டீர்கள். கொல்லையைத் தவிர உங்கள் மனையில் வேறெங்கும் மழைத்தண்ணீர் ஒரு சாண்கூட இறங்க முடியாது. அவ்வளவு சுத்தம்.

தோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. குளித்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த வாழையும் சேம்பும் கொல்லையில் நின்றன. அவற்றை எடுத்துவிட்டு மெக்சிகன் புல் விரித்தீர்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது ஹோஸைப் பிடித்து அதற்குத் தண்ணீர் காட்டுகிறீர்கள். ஒரு பங்கு வேருக்குப் போகுமுன் ஆவியாகிறது. சருகைக் கூட்டி எரித்துவிடுகிறீர்கள். அதையே செடியடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும் என்பதும், காலையோ மாலையோ ஊற்றினால் குறைந்த தண்ணீரே போதும் என்பதும் உங்கள் பாட்டி சொல்லித் தந்தவைதான். சமையலறை ஆர்ஓ ஒரு லிட்டர் தரும்போது மூன்று லிட்டர்வரை வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போதும். அதையும் சாக்கடைக்கே தருகிறீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2019 ஜூனில் உங்களைப் பார்த்தவன் நான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை காட்டின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் உங்கள் வீடு நடந்த விதத்தை எந்த நிபுணரும் வந்து திருத்தியிருக்க முடியாது. ஷவரைத் துணியால் கட்டி வைத்தீர்கள், ஆளுக்கு அரை வாளி என்றீர்கள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது. துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போனது. ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடிக்க பால்கனியில் பக்கெட் நின்றது. ஃபிளஷ் தொட்டிக்குள் மணல் நிரப்பிய பாட்டிலைப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம் பிடித்தீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளைக்கு 20 லிட்டர் போக்கும் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கே வாஷர் மாற்றினீர்கள். உங்கள் வீட்டம்மா எந்தப் பாத்திரத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று வரிசை வைத்திருந்தார். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வீடே அறிந்து வைத்திருந்தது.

ஏரிகளில் தண்ணீர் ஏறியது. பக்கெட் மாடிப்படிக்கு அடியில் போனது, ஷவரின் கட்டு அவிழ்ந்தது. துயரத்தை இத்தனை சீக்கிரம் மறந்து தேறும் நெஞ்சம் பெரிய வரம்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. அவர் தெருவில் சம்ப்பும் இல்லை, போரும் இல்லை. தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியில் குடம் வரிசை வைத்துப் பிடித்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். வரும்போது நீங்கள் ஹோஸ் வைத்துக் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே தொட்டி நிறைந்து வழிகிறது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காரின் நான்கு சக்கரத்தையும் கழுவி முடிக்கும் உறுதி எனக்கு வராது.

இவ்வளவு செய்தவர் நீங்கள். குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தி, மூடியைத் திறந்து, இறுகிய மணலை அள்ளி அலசிக் காயவைத்து, திரும்பப் போட்டு, மாடிக் குழாயின் வாயைக் குழிப்பக்கம் திருப்ப ஓர் ஆளும் அரை நாளும் போதும். செப்டம்பரில் செய்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்குக் குழி தயாராக இருக்கும். முந்நூறு அடிக்குப் பாறையைத் துளைத்தவருக்கு ஐந்தடிக் குழி எம்மாத்திரம்?