பட்டப்பகலில் விளக்கேற்றிய வள்ளல்கள்

கொடைக்குணம் பிறவியிலேயே வருவது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் கம்பெனிகள் சட்டம் 2013-ஐ எடுத்து 135-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டால் ஒரு நிறுவனத்தின் நெஞ்சம் கனியத் தொடங்குகிறது. எவ்வளவு கனிய வேண்டும் என்பதிலும் குழப்பமில்லை: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். குறைந்தால் அபராதம் என்று 2021 ஜனவரியில் சேர்த்தார்கள். தவறிப்போய் கருணை கூடிவிட்டால் பயப்பட வேண்டாம், அதிகமானதை அடுத்த மூன்று நிதியாண்டுகளின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தபோது இந்த வசதியெல்லாம் கிடையாது. பாவம், கணக்கில் காட்ட முடியாத தானம் அது.

தி.நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலுள்ள ஒரு குப்பத்துக்கு சோலார் தெருவிளக்குகளும் வீட்டுக்கொரு சோலார் விளக்கும் வழங்கிய விழாவை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லவில்லை. அங்கே நட்டிருக்கும் பலகை என்னைவிடப் பெரிய எழுத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடித்தரும் ஸ்பான்சர் செலவு சமூகப் பொறுப்புக் கணக்கில் வராது என்று விதி உண்டு. ஆகவே ஒவ்வொரு கம்பத்திலும் இருந்த அந்தச் சின்னம் விளம்பரம் அல்ல. இரவில் வழி தவறுபவர்களுக்காக எழுதிவைத்த தகவல் என்றே கொள்ள வேண்டும்.

விழா காலை பதினொரு மணிக்கு. தலைவருக்கு மாலை வேறு நிகழ்ச்சி. முதலில் குத்துவிளக்கில் நல்லெண்ணெய் விட்டுத் தீபம் ஏற்றி, அதன் பிறகு எண்ணெய் தேவைப்படாத விளக்கைப் பற்றிப் பேசினார்கள். சோலார் விளக்குக்கு ஒரு கெட்ட பழக்கம்: தகட்டில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது எரியாது. படம் எடுப்பவர் கையைப் பிசைந்தார். கூட வந்த இன்ஜினியர் சமயோசிதக்காரர். தலைவர் தோளிலிருந்த பொன்னாடையை வாங்கி, ஏணியில் ஏறித் தகட்டை மூடினார். இருட்டிவிட்டது என்று ஏமாந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது. கைதட்டல், டிரோன், படம். சூரியனுக்கே பொன்னாடை போர்த்திக் கௌரவித்த இன்னொரு நிறுவனம் உலகத்தில் இருக்குமா, தெரியாது.

அந்தக் குப்பத்தில் ஏற்கெனவே கரண்ட் இருந்ததே என்று சில குறுகிய மனத்துக்காரர்கள் கேட்கிறார்கள். இருந்தது. தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 மே முதல். நிறுவனம் தந்த 10 வாட் விளக்கு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 3.6 யூனிட் மிச்சமாகும். எந்த 100 யூனிட்டுக்குப் பணமே கட்ட வேண்டாமோ, அதிலிருந்து மூன்றே முக்கால் கூட இல்லாத ஒரு மிச்சம். அதாவது, பில்லே வராத வீட்டின் பில்லைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். பேகனுடைய மயிலுக்கும் தோகை இருந்தது அல்லவா? இல்லாதவனுக்குக் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது!

கொடுத்த பிறகு ஒட்டாமல் விலகி நிற்கிற பக்குவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தானத்தில் உருவான சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது, பயனாளிகளிடமோ பொது அமைப்பிடமோ தொண்டு நிறுவனத்திடமோ இருக்க வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டு விதி. சொத்து போகும்போது பராமரிப்பும் கூடவே போய்விட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் கொடுப்பது என்று வந்தபின் பாதியை மட்டும் கொடுப்பது இவர்கள் வழக்கமில்லை. "லைட்டு எரியலன்னா யாராண்ட சார் சொல்றது?" என்று மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார். "இனிமே இது உங்க சொத்தும்மா" என்று பதில் வந்தது. ஒரே நிமிடத்தில் அவரைச் சொத்துக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

பொருத்தம் பார்ப்பதில் மயிலாப்பூர் ஜோசியர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம். தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. சோலார் தகடு 25 ஆண்டு உழைக்கும், ஆனால் பாட்டரி பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுதான். கோப்பு மூடுகிற நேரமும் பாட்டரி மூச்சை விடுகிற நேரமும் பத்துப் பொருத்தத்தோடு சேர்ந்து வருகின்றன. திட்டத்தால் விளைந்த பலன் என்ன என்று வெளியாரை வைத்து மதிப்பிட வேண்டுமே என்றால், அது 10 கோடியோ அதற்கு மேலோ சமூகப் பொறுப்புச் செலவு விழுகிற பெரிய நிறுவனங்களுக்கு, அதிலும் ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும். திட்டம் முடிந்து ஓராண்டு ஆனபின் மதிப்பிட வரலாம். விளக்கை நட்டதோடு முடிந்துவிடுகிற திட்டம் என்றால், ஓராண்டில் பாட்டரி இளமையோடு இருக்கும். வருகிறவர் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டுப் போவார்.

கடற்கரையின் உப்புக்காற்று, காகங்களின் கைங்கரியம், கம்பத்தின் துரு இவற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்று குறை சொல்லாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் 2016-இல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் அமைத்தது. அங்கே தகடுகளைத் துடைப்பதற்கென்றே ரோபோக்கள் இருக்கின்றன. தூசு படிந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் வருமானம் குறையும். அது வியாபாரம். பாவம், அங்கே தூசு ஒட்டும். தர்மத்துக்காக வைத்த தகட்டில் தூசு எப்படி ஒட்டும்? புண்ணியம் துடைத்துவிடாதா?

இந்த உயர்ந்த மரபு புரியாத ஆட்களும் உண்டு. பெங்களூரில் ஹரிஷ் ஹண்டே என்று ஒருவர். 1995-இல் செல்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏழைகளுக்கு சோலார் விளக்கை விலைக்கு விற்றார். கிராம வங்கிகளில் கடன் வாங்கிக்கொடுத்து, தவணையை அவர்கள் வருமானத்துக்கு ஏற்ப அமைத்து, பக்கத்து ஊரிலேயே ரிப்பேர் மையமும் வைத்தார். எவ்வளவு கறார் பாருங்கள்: காசு வாங்குகிறார், விளக்கு அணைந்தால் ஆள் அனுப்புகிறார், மறக்கவே மாட்டேன் என்கிறார். இப்படிப்பட்டவருக்கு 2011-இல் மகசேசே விருது கொடுத்தார்கள்.

பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னை என்ற கிராமம். அதற்கு ஒளி கொடுத்தது கம்பெனி அல்ல, கிரீன்பீஸ் இயக்கம். 2014 ஜூலையில் 100 கிலோவாட் சோலார் மின்கட்டமைப்பைத் திறந்துவைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்த ஊர் அது. நன்றி சொல்லத் தெரியாத அந்த மக்கள், அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதீஷ்குமார் வந்தபோது எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். சோலாரில் ஃபிரிட்ஜ் ஓடாது, டிவி ஓடாது, விளக்கும் விசிறியும் போதாதா என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும். அரசின் லைனும் வந்துவிட்டது. சில ஆண்டுகளில் பாட்டரிகள் படுத்தன, சோலார் வளாகம் மாட்டுத்தொழுவம் ஆயிற்று. அதிலும் நஷ்டமில்லை, பயனாளிகள் பட்டியலில் நான்கு கால்கள் கூடின, அவ்வளவுதான்.

நம் தி.நகர் நிறுவனத்துக்கே வருகிறேன். அதன் ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு சோலார் தகடு கூட இல்லை. செல்போன் டவரும் ஏ.சி. யூனிட்டுகளும்தான் இருக்கின்றன, கீழே டீசல் ஜெனரேட்டர். நிழல் விழாத சுமார் நூறு சதுர அடி இருந்தால் ஒரு கிலோவாட் போடலாம், சென்னை வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலு யூனிட் கிடைக்கும். தன் வீட்டுக் கூரையில் போட்டுக்கொண்டால் அது சுயநலம், சமூகப் பொறுப்பில் சேராது. ஆகவே வெயில் முழுவதையும் பிறருக்கே விட்டுவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிவரை முகப்பில் ஓடுகிற சீரியல் விளக்குகளுக்கு மட்டும் மின்வாரியத்தைச் சிரமப்படுத்துகிறார்கள்.

குப்பத்தில் இப்போது எத்தனை கம்பம் எரிகிறது என்று கேட்பது அநாகரிகம். பலகை நன்றாக இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்தது. தலைவர் பெயர், இயக்குநர்கள் பெயர், சிறப்பு விருந்தினர் பெயர், தேதி எல்லாம் பொறித்திருக்கிறார்கள். கீழே ஒரு மெக்கானிக்கின் போன் நம்பரைச் சேர்க்கச் சொல்லிக் குப்பத்துப் பையன் ஒருவன் மனு கொடுத்தான். டிசைன் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டுக்கு வேறு குப்பம் பார்த்துவிட்டார்களாம்.