தோற்றவர் கட்சி

அச்சன்புதூர்க்காரனுக்கும் கடலுக்கும் உள்ள உறவு கருவாட்டோடு சரி. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் அடவிநயினார் அணை, வயல் வாய்க்கால், சாரல். எதிலும் பாய்மரப் படகு ஓட்ட முடியாது. ஆனாலும் பழைய பந்தயப் படகைப் பழுது பார்ப்பது எப்படி என்று கேட்டால், எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த ஞானத்துக்கெல்லாம் மூலகாரணம் எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவு.

தாத்தா காலத்துக் கதவு. ஆனி பிறந்து சாரல் கட்டியதும் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும். திறக்க என் தோள் வேண்டும். மூட என் மனைவியின் வாய் வேண்டும். "இந்தச் சனியனத் தூக்கிப் போட்டுட்டு ஒரு பைபர் கதவு மாட்டுங்க" என்பது அவள் வழக்கு. பழைய மரத்தைக் காப்பாற்றுவதுதான் பண்பாடு என்பது என் வழக்கு. ஆணி அடித்தால் விரலில் அடிக்கிற ஜாதி நான். அதனால் சொந்த அனுபவத்தை விட்டுவிட்டுக் கப்பலைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

முதல் சாட்சி, ஷாம்ராக் 5. தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டனுக்காக 1930-இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் கட்டிய ஸ்லூப் வகைப் பந்தயப் படகு. எஃகுச் சட்டத்தின் மேல் மகோகனிப் பலகை. நீளம் ஏறக்குறைய 120 அடி. ஸ்லூப் என்றால் ஒரே பாய்மரம்தான். அந்த ஒன்றே 150 அடிக்கு மேல். தென்காசிக் கோயில் ராஜகோபுரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் கொஞ்சம்தான் குட்டை.

லிப்டன் 1899, 1901, 1903, 1920 என்று நான்கு தடவை அமெரிக்கா கோப்பைப் படகுப் பந்தயத்தில் போட்டியிட்டு நான்கு தடவையும் தோற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தப் படகோடு ஐந்தாம் முறையும் போய் நின்றார். எதிரே என்டர்பிரைஸ் என்ற வெண்கல உடம்புப் படகு. அதன் பாய்மரமோ எடை குறைந்த டியூராலுமின் உலோகம். நான்கு பந்தயம், நான்கிலும் தோல்வி. மனுஷன் சிரித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து மனம் இளகிய அமெரிக்கர்கள், நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ் சொன்னபடி ஆளுக்கொரு டாலர் போட்டு, தோற்றவருக்கென்றே ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். அவர் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியதில் தேயிலையும் நன்றாக விற்றது. அந்தத் தேயிலையில் ஒரு பங்கு அப்புத்தளைப் பக்கத்து தம்பேதன்னைத் தோட்டத்தில் நம் சனங்கள் மலையேறிக் கிள்ளியது. அவர்களுக்கு யாரும் கோப்பை செய்யவில்லை.

"தோத்தவரு படகு நம்ம கதவுக்கு என்ன சாட்சி?" என்றாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜெயித்த என்டர்பிரைஸை 1935-இல் உடைத்துப் பழைய உலோகமாக்கிவிட்டார்கள். தோற்ற ஷாம்ராக் கை மாறி, பெயர் மாறி, இத்தாலிக்குப் போய், 1967-இல் பிறந்த பட்டறைக்கே திரும்பி வந்து, உடம்பும் தளமும் புதுப்பிக்கப்பட்டது. வெண்கலத்துக்கு எடைக்கு எடை காசு கிடைக்கும்; ஈரப் பலகையை எவன் எடைக்கு எடுப்பான்? விற்க வழியில்லாதவன் பழுது பார்க்கிறான். எங்கள் கல்யாணம் நிலைத்திருப்பதும் இதே முறையில்தான் என்று சொல்ல வந்தேன். அவள் கையில் கரண்டி இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அடுத்து, தொழில்நுட்பம். மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு உண்டு. அதில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். நம் கடற்கரையில் இதைக் கலப்பத்து அடிப்பது என்பார்கள். அதன் மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். இவ்வளவு செய்தும், கரையில் காய்ந்து கிடந்த படகு தண்ணீரில் இறங்கியதும் ஒழுகும். யாரும் பதறுவதில்லை, இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பலகை ஊறி, உப்பி, ஒன்றையொன்று நெருக்கியதும் ஒழுக்கு தானாக அடங்கும்.

"ஆகவே மரம் உப்புவது குற்றமில்லை, குணம்" என்று முடித்தேன்.

"அப்ப கதவக் கொண்டுபோய் அணையில மிதக்க விடுங்க."

இரண்டாவது சாட்சி அன்னபூரணி அம்மாள். அதே 1930-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் தமிழ் மேஸ்திரிகள் கட்டிய 89 அடிச் சரக்குக் கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, வல்வை மாலுமிகளோடு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்ட வைத்தார். 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அது தொட்டது. "பழைய மரம் அமெரிக்காவுக்கே போயிருக்கு, நம்ம கதவு கூடத்துக்கும் திண்ணைக்கும் நடுவுல நிக்காதா?" என்று கேட்டுவிட்டு, வழக்கை வென்ற களிப்பில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினேன். ராபின்சன் அந்தக் கப்பலுக்குத் தன் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரை வைத்தார் என்று.

"பொண்டாட்டி பேரயா?" அவள் குரல் இறங்கியது. "நீங்க வீட்டு வாசல்ல யாரு பேர எழுதி வச்சிருக்கீக?"

கதவுக்கு மேலே என் பெயரும், முடிக்காத என் பட்டமும் இருக்கின்றன.

ஆசாரியை வரவழைத்தேன். கதவைத் தட்டிப் பார்த்தார், நிலையைத் தடவினார். "இப்ப இழைச்சா வெயில்ல இடுக்கு விழும் அண்ணாச்சி. சாரல் போவட்டும், பங்குனியில பாப்பம்" என்றார். வாய்தா வாங்கிய வக்கீல் போலத் தலை நிமிர்ந்தேன். அவரோ என்னைத் தாண்டிப் பார்த்து, "அக்கா, புது பைபர் கதவுக்கு அளவு எடுத்துட்டேன்" என்றார்.

லிப்டனுக்கு ஐந்து தோல்விக்கு ஒரு தங்கக் கோப்பை. எங்கள் வீட்டில் தோற்றவனுக்கு எவர்சில்வர் டம்ளர்தான். அதிலும் ஊற்றுவது கண்ணன் தேவன்.