பேஜ்மேக்கர் அண்ணாச்சி

தெற்குச் சீமையில் அச்சகம் இருக்கிற ஊர் எதுவானாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குறுகலான மாடிப்படி ஒன்று இருக்கும். ஏறினால் ‘டிடிபி, ஸ்கிரீன் பிரின்டிங், பைண்டிங்’ என்று ஒரு போர்டு. உள்ளே பேஜ்மேக்கர் அண்ணாச்சி.

அவர் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று மகன் வாங்கிக் கொடுத்த புதுசு. அதில் பில் போடுவார், சீரியல் பார்ப்பார். சோறு போடுவது மற்றொன்று: விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய டப்பா. சந்தனம், குங்குமம் எல்லாம் அதற்குத்தான். இன்டர்நெட் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால், “நெட்டு வந்தா அப்டேட் வரும். அப்டேட் வந்தா எளவு வரும்” என்பார்.

அந்த டப்பாவில் இருப்பது பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7. வெளிவந்த ஆண்டு 2001. அடோபி நிறுவனம் 2004-லேயே அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. கடையில் வேலை பார்க்கும் தம்பி இதைச் சொல்லிப் பயமுறுத்தியபோது அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “நிறுத்திட்டானா? ரொம்ப நல்லதுலே. இனிமே மாத்த மாட்டாம்லா!”

சிரிக்கலாம். ஆனால் இதே கட்சியில் உலகப் புகழ்பெற்ற ஒரு பேராசிரியரும் இருக்கிறார். கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்க ‘டெக்’ என்ற மென்பொருளை எழுதிய டொனால்ட் கனூத், 1990-ல் இனி இதில் புது வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை, பிழை மட்டும் திருத்துவேன் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் கூடும். கணிதத்தின் ‘பை’ மதிப்பை நோக்கி அது நகரும். 2021-ல் வந்தது 3.141592653. தம் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் ‘பை’ என்றே நின்றுவிட வேண்டும், மிச்சமிருக்கும் பிழைகளெல்லாம் அம்சங்களாகிவிட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. டெக்கில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 327.68 டாலருக்குக் காசோலையே அனுப்பியவர் அவர். அண்ணாச்சி கடையில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு டீ உண்டு, புரூஃபில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொன்னால்.

கோளாறு வந்துவிட்டால் அண்ணாச்சியின் நடையே மாறிவிடும். ஃபைல் காரணமில்லாமல் பருத்துவிட்டதா? வெறும் ‘சேவ்’ போதாது, ‘சேவ் அஸ்’ கொடு, இளைத்துவிடும் என்பார். அது உண்மைதான். பக்கம் திறக்க மறுத்தால் அடுத்த கட்டம். பேஜ்மேக்கருக்குள் ஃபைலைச் சோதிக்க ஒரு ரகசிய வித்தை ஒளிந்திருக்கிறது. ஒரு ‘பீப்’ வந்தால் குறை எதுவும் தென்படவில்லை. இரண்டு வந்தால் குறை இருந்தது, சரிசெய்தாயிற்று. மூன்று வந்தால் குறை இருக்கிறது, சரிசெய்ய முடியாது. ஃபேனை நிறுத்திவிட்டு, நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூன்றாவது ‘பீப்’ விழுந்தால் எதிரே இருக்கும் கஸ்டமரிடம் துக்கக் குரலில், “நாளைக்கு வாங்க” என்பார். ராத்திரி புது ஃபைல் திறந்து பக்கம் பக்கமாக காப்பி, பேஸ்ட்.

தம்பி ஒருநாள் புது கம்ப்யூட்டரில் அதே வேலைக்கான அடோபியின் இன்டிசைன் போட்டுக் காட்டினான். வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் மேட்டரை ஒட்டியதும் ‘கொடி’யின் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றது. அண்ணாச்சிக்கு அன்று தீபாவளி. தெருவில் போன பைண்டரைக்கூட மேலே கூப்பிட்டுக் காட்டினார். விஷயம் சின்னது. பத்தியை ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்புக்கு மாற்ற வேண்டும். 2012-ல் வந்த சிஎஸ்6-லிருந்து அது மெனுவிலேயே இருக்கிறது. தம்பி மாற்றினான், கொம்பு முன்னால் வந்தது. அதற்குள் பைண்டர் போய்விட்டதால் அண்ணாச்சியின் தோல்விக்குச் சாட்சி இல்லை.

தம்பியின் வெற்றியும் நீடிக்கவில்லை. புதிய பதிப்பில் சேமித்த ஃபைலை பிரஸ்ஸில் இருந்த பழைய இன்டிசைன் திறக்கவில்லை. பழைய பதிப்பும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவில் மாற்றிக் கொடுக்க மறுபடி ஓடினான். “எங்கிட்ட இந்த சோலியே கிடையாது பாத்தியா?” என்றார் அண்ணாச்சி.

அவரிடம் வேறு சோலி உண்டு. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. போனில் அடித்த தமிழை அதில் ஒட்டினால் வரி முழுக்கக் கேள்விக்குறி. அவர் கையாளும் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடிவைத்த பழைய தலைமுறை. அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழ் அப்படியே மறைந்துவிடும். பாமினி ஃபாண்ட்டில் அடித்த ‘அம்மா’, ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று நிற்கும். ஒவ்வொரு கம்பெனி ஃபாண்ட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி இந்தக் கணக்கை டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளாகத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010-ல் யூனிகோடுக்கு ஆணை போட்டது. அண்ணாச்சிக்கு ஆணை எதுவும் தபாலில் வரவில்லையாம்.

மாறாத மென்பொருள் வேண்டும் என்பதில் அண்ணாச்சி பக்கம் நியாயம் இருக்கிறது. கனூத்தின் டெக் மாறவில்லை. ஆனால் அதன் மூலநிரல் ஊருக்கே திறந்து கிடப்பதால் புது மெஷினிலும் ஓடுகிறது. பேஜ்மேக்கர் அப்படியில்லை. அதன் ஃபைல்களைத் திறந்துகொண்டிருந்த இன்டிசைனும் சிஎஸ்6-க்குப் பிறகு கைவிட்டுவிட்டது.

ஆகவே, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், தாத்தா சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம் என்று அந்த டப்பாவுக்குள் உங்கள் சரக்கு ஏதாவது இருந்தால், சீக்கிரம் ஒரு பென்டிரைவோடு மாடி ஏறுங்கள். பிடிஎஃப், ஒரிஜினல் ஃபைல், அதற்கான ஃபாண்ட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மேட்டரை யூனிகோடுக்கு மாற்றித் தரும்படி தம்பியிடம் தனியாகச் சொல்லுங்கள். அண்ணாச்சி காதில் விழ வேண்டாம்.