சாவி கதவுலயே தொங்குது

வாங்க தம்பி, வாங்கம்மா. ரெண்டு பேரும் எதுக்கு அந்தப் பூந்தொட்டியைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறீங்க? சாவி கதவுலயே தொங்குது. கடைசியா எப்பப் பூட்டினோம்னு அதுக்கே மறந்துபோயிருக்கும். ஸ்காட்லாந்தோட இந்த லூயிஸ் தீவுல திருட வந்தவனும் கப்பல் ஏறித்தான் ஊர் திரும்பணும். காத்து பலமா அடிச்சாக் கப்பல் கிளம்பாது. அப்புறம் அவனுக்கும் ரெண்டு நாள் நாமதான் சாப்பாடு போடணும்.

நான் யாரா? மேட்டு வீட்டுக் கிழவன். எண்பது தாண்டியாச்சு. கேலிக் மொழியில கிழவனுக்குப் 'போதாக்'னு பேரு. அப்படியே கூப்பிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். அது சரி, கார் டிக்கியில ஒரு பலசரக்குக் கடையையே ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்களே! முட்டை, ரொட்டி, வெண்ணெய், பன்னெண்டு தண்ணி பாட்டில். அக்கரையில உல்லாப்பூல்ல கப்பல் ஏறி, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல கடல்ல ஆடி அசைஞ்சு, மழை பெய்யறதையே தொழிலா வெச்சிருக்கிற ஊருக்குத் தண்ணி சுமந்துக்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல பிள்ளைங்க.

முட்டை இங்க ரோட்டோரத்துப் பெட்டியில இருக்கும். பக்கத்துல ஒரு டப்பா. காசைப் போட்டுட்டு எடுத்துக்க வேண்டியதுதான். காவலுக்கு ஆள் கிடையாது, கோழி மட்டும் பாத்துக்கிட்டிருக்கும். ரத்தமும் ஓட்ஸும் சேத்துச் செய்யற ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங் இருக்கு. இந்தத் தீவோட டவுனான ஸ்டோர்னோவேயிலயும் அதோட சுத்துப்பட்டுலயும் செஞ்சாத்தான் அந்தப் பேரு வைக்கலாம்னு 2013-ல ஐரோப்பாவே முத்திரை குத்திக் குடுத்த சரக்கு. அதை விட்டுட்டு நகரத்துல வாங்கின சாசேஜை இங்க வறுத்துத் தின்னுட்டு, "ஐயோ பாவம், கிராமத்துக் கடையெல்லாம் மூடறாங்களே"ன்னு வருத்தப்படுவீங்க. போன வருசம் வந்தவங்களும் இப்படித்தான் வருத்தப்பட்டாங்க. வருத்தத்தைக் கடைக்காரர் கல்லாவுல வாங்கிக்க மாட்டேங்கிறாரு.

உள்ள வாங்க. மேசை மேல தடியா ஒரு கோப்பு கிடக்குதே, வீட்டுக்காரன் எழுதினது. 31 பக்கம். சிடுமூஞ்சி ஆளு, கஞ்சனும்கூட. கழிப்பறையில கண்டதைப் போடாதீங்கன்னு மூணு இடத்துல அடிக்கோடு போட்டு வெச்சிருக்கான் பாருங்க. அது மட்டும் நெசம். இங்க பாதாளச் சாக்கடை கிடையாது, பின்னால செப்டிக் டேங்க்தான். அடைச்சுக்கிட்டா ஆளு ஸ்டோர்னோவேயிலருந்து வரணும். அவரு வர்றதுக்குள்ள உங்க விடுமுறை முடிஞ்சுடும், வாசனை முடியாது.

குழாயைத் திறந்ததும் அலறாதீங்கம்மா. தண்ணி வெளுத்த தேத்தண்ணி நிறத்துலதான் வரும். பீட் நிலத்துல ஊறி வர்ற தண்ணி, சோதனைக்குப் போய்த் தேறி வந்தது. தேயிலை கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சுக்குங்க.

அடுப்புக்கு வருவோம். வர்றவங்க எல்லாரும் தோத்துப்போற இடம் இதுதான். இதுல எரிக்கிற பீட்டுன்னா வேற ஒண்ணுமில்லை. செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருசமாத் தண்ணிக்குள்ள முழுசா மக்காமப் படிஞ்சு இறுகினது. மே மாசம் வெட்டுவோம். அதுக்குன்னே 'தார்ஷ்கெர்'னு நீளக் காம்பு வெச்ச கத்தி. மேல நிக்கிறவர் காலால மிதிச்சு வெட்டுவாரு, கீழ பள்ளத்துல நிக்கிறவர் கையில வாங்கி அப்படியே வெளிய வீசணும். ஈரத்துல வெண்ணெய் மாதிரி வழுக்கும். சாயங்காலம் வீசினவருக்கு இடுப்பு எங்க இருக்குன்னு தேடணும். மேல் தோல் காஞ்சதும் மூணு நாலு கட்டியை ஒண்ணோட ஒண்ணு சாச்சு நிறுத்தி, தலை மேல ஒண்ணு வெச்சுக் காத்தாட விடுவோம். அப்புறம் வீட்டுக்குக் கொண்டாந்து, மழை உள்ள இறங்காதபடி சாய்வா அடுக்குவோம். நீங்க வாசல்ல இறங்கினதும் கைபேசியை எடுத்துப் படம் பிடிச்சீங்களே, அந்தக் கறுப்புச் சுவரு, அது சுவரில்லை. விறகு.

போன ஜூன் மாசம் ஒரு பொறியாளர் வந்திருந்தாரு. எவ்வளவு பெரிய பாலமெல்லாம் கட்டினவராம். இந்த அடுப்பைப் பத்த வைக்க ஒரு பெட்டி தீமூட்டி, மூணு நாள் பேப்பர், கடைசியில தீவோட வழிகாட்டிப் புத்தகத்தையும் கிழிச்சுப் போட்டாரு. புகைதான் வந்தது. கண்ணைக் கசக்கிக்கிட்டு என்கிட்ட வந்து, "ஐயா, உங்க பீட்டுல ஏதோ கோளாறு"ன்னாரு. நான் போயிப் பாத்தா, வீடு கட்டுற மாதிரி இடுக்கு இல்லாம அடுக்கி வெச்சிருக்காரு. தீக்கும் மூச்சு விட இடம் வேணாமா? கட்டியைச் சுத்தியலால உடைச்சு, சின்னச் சின்னத் துண்டா நிமுத்தி வெச்சு, அடியில சந்து விட்டு, அடுப்புக் கதவை ஒரு விரக்கடை திறந்து வைங்க. வெச்சுட்டு டீ போடப் போயிடுங்க. கூச்சம் பிடிச்ச அடுப்பு. பாத்துக்கிட்டே நின்னாப் பத்தாது.

அன்னைக்கே இன்னொண்ணும் நடந்துச்சு. கூரையில ஒட்டியிருக்கிற அந்த வெள்ளை வில்லை வீல்வீல்னு கத்தி, பொறியாளரோட வீட்டம்மா குளியல் அங்கியோட வாசலுக்கு ஓடி வந்துட்டாங்க. என்னோட ஆடெல்லாம் மிரண்டு கரை வரைக்கும் ஓடிருச்சு. அந்த வில்லை இல்லாம இப்ப வீட்டை வாடகைக்கு விட முடியாதுங்க. 2022-ல சட்டம் கொண்டாந்து, விருந்தாளிக்கு வீடு விடறவன் எல்லாம் கவுன்சில்ல உரிமம் வாங்கணும்னுட்டாங்க. புகைக்கு ஒரு கருவி, கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு கருவி, மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ், தண்ணிக் குழாயில கிருமி வருமான்னு ஒரு ஆராய்ச்சி. தப்புன்னு சொல்லலை. ஆனா அந்த ஜன்னல் வழியாப் பாருங்க, கூரை இல்லாம ஒரு கல்லுச் சுவரு நிக்குதா? உள்ள ஆடு படுத்திருக்கே, அந்த மூலையிலதான் நான் பொறந்தேன். நடு வீட்டுல தீ, மேல புகைபோக்கி கிடையாது. புகை தானா வழி தேடிக் கூரைப் புல்லு வழியாப் போகணும். ராத்திரியும் அணையாது, சாம்பலைப் போட்டு மூடி வெச்சுக் காலையில கிளறுவோம். அந்தக் கீழ்ப்பக்கம் மாடு. எனக்கும் மாட்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு. ஒரே வாசல்தான், மாடு முதல்ல போகும். கருவி வெச்சிருந்தா எங்க வீட்டுல அது பொறந்ததுலேருந்து சாகிற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்திருக்கும்.

அதைத்தான் கருப்பு வீடுன்னு சொல்றாங்க. நாங்க இருந்தப்போ அதுக்கு வீடுன்னுதான் பேரு. சாந்து பூசி, ஜன்னல் வெச்சு, புகைபோக்கியோட வெள்ளை வீடு கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் பழசு கருப்பாச்சு. கார்லோவேக்கு அந்தப் பக்கம் கேரனன்னு ஒரு கிராமம், நாளைக்குப் போயிப் பாருங்க. கடற்கரையை ஒட்டி வரிசையாக் கருப்பு வீடு. கடைசியா இருந்தவங்க 1974-ல, எங்களால ஆகாதுப்பான்னு கவுன்சில் வீட்டுக்குக் குடி போனாங்க. 1989-ல ஊர்க்காரங்க ஒரு அறக்கட்டளை அமைச்சு, விழுந்த சுவத்தை எடுத்துக் கட்டிப் புல்லு வேஞ்சு, 2001-ல இளவரசி ஆன் வந்து திறந்து வெச்சாங்க. இப்ப வெந்நீரும் கழிப்பறையும் உண்டு. ஜெர்மனியிலருந்தெல்லாம் வந்து தங்கறாங்க. நாங்க தலை தெறிக்க ஓடி வந்த வாசல் வழியா நீங்க காசு குடுத்து உள்ள போறீங்க. போங்க, போங்க. மாடு இல்லாததுக்குத் தள்ளுபடி கேட்டுப் பாருங்க.

காத்தைத் திட்டாதீங்க தம்பி. காத்து நின்ன சாயங்காலம்தான் மிட்ஜ் வரும். கொசுவுக்குத் தங்கச்சி, கண்ணுக்கே தெரியாது, கூட்டமா வந்து மொய்க்கும். அன்னைக்கு வாசல்ல மேசை போட்டு மெழுகுவத்தி ஏத்திச் சாப்பிடலாம்னு வீட்டம்மா ஆசைப்பட்டா, மாட்டேன்னு சொல்லாதீங்க. அஞ்சே நிமிசத்துல அவங்களே தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடுவாங்க. கலானிஷ்ல நட்டு வெச்ச பழங்காலத்துக் கல்லுங்களைப் பாக்கணும்னு விடியக்காலையில எழுந்திரிச்சு ஓடாதீங்க. 5000 வருசமா நிக்குது. நீங்க சாப்பிட்டுட்டுப் போற வரைக்கும் நிக்கும். ஒரே வண்டி போற ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா, ஒதுங்கறதுக்குன்னு விட்டிருக்கிற இடத்துல ஒதுங்கி நின்னு, ஸ்டியரிங்லேருந்து ஒரு விரலைத் தூக்குங்க, போதும். கையையே ஆட்டினா அயலூருன்னு தெரிஞ்சுபோயிடும்.

ஞாயித்துக்கிழமையைப் பத்திக் கோப்புல ஒரு வரிதான் எழுதியிருக்கான், பயந்தாங்கொள்ளி. நான் விவரமாச் சொல்றேன். இங்க அது ஓய்வு நாள், வேலை எதுவும் செய்யக் கூடாதும்பாங்க சபைக்காரங்க. 2009 வரைக்கும் ஞாயித்துக்கிழமை உல்லாப்பூலுக்குக் கப்பல் கிடையாது. ஸ்டோர்னோவேயில டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் ஞாயித்துக்கிழமை திறந்ததே 2024 நவம்பர்லதான். ரெண்டுக்கும் பெரிய சண்டை. இப்ப நீங்க என்ன வேணா செய்யலாம், சட்டம் ஒண்ணும் கிடையாது. ஜன்னல்தான் உண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு குடும்பம், நல்ல வெயில் அடிக்குதேன்னு ஞாயித்துக்கிழமை காலையில துவைச்சுக் கொடியில காயப்போட்டாங்க. சனிக்கிழமை பூரா மழை, பாவம் அவங்களும் என்ன செய்வாங்க. பிள்ளைங்களோட நீச்சல் உடுப்பு, வீட்டுக்காரரோட உள்ளாடை, எல்லாம் மேக்குக் காத்துல கொடி பிடிச்ச மாதிரி பறக்குது. கேலிக் சங்கீதம் பாடிட்டுச் சபையிலருந்து வர்ற கார் ஒவ்வொண்ணா அந்த வளைவுல மெதுவாப் போச்சு. யாரும் ஹாரன் அடிக்கலை, ஒரு வார்த்தை சொல்லலை. திங்கக்கிழமை அந்தம்மா கடைக்குப் போனப்போ எல்லாரும் ரொம்பப் பிரியமா விசாரிச்சாங்க. ஊரே அவங்களுக்காக ஜெபம் பண்ணியிருந்ததுங்கறது அவங்களுக்குக் கடைசி வரை தெரியாது. திட்டு வாங்கறது எவ்வளவோ மேல்.

கிளம்பறப்போ விருந்தாளிப் புத்தகத்துல எழுதுவீங்க. எனக்காக ஒரு உதவி பண்ணுங்க, 'அமைதி'ன்னு மட்டும் எழுதாதீங்க. 14 பக்கத்துல அதே வார்த்தை இருக்கு. இந்தத் தீவு எப்படி அமைதியாச்சுன்னு தெரியுமா? 1923 ஏப்ரல்ல மெட்டகாமான்னு ஒரு கப்பல் ஸ்டோர்னோவேயிலருந்து கனடாவுக்கு 300 பேர் போல ஏத்திக்கிட்டுப் போச்சு, முக்காவாசி இருபத்துச் சொச்சம் வயசுப் பசங்க. எங்க அப்பாவோட அண்ணன் அதுல போனவரு. ஒரு தீவுலருந்து அத்தனை பசங்களை எடுத்துட்டா அமைதியாத்தான் இருக்கும். அவரோட பேத்தி போன வருசம் இங்க வந்து ஒரு வாரம் தங்கினா. அவளும் 'அமைதி'ன்னுதான் எழுதினா. அழுதுக்கிட்டே எழுதினா, அதனால விட்டுட்டேன்.

இன்னொருத்தர் எழுதியிருக்கிறதைப் படிங்க: பக்கத்துக் கொட்டகையில பகல் பூரா கடகடன்னு ஏதோ இயந்திரச் சத்தம், ஓய்வு கெட்டுப்போச்சாம். இயந்திரம் இல்லைங்க, தறி. ஹாட்டர்ஸ்லி தறி, காலால மிதிக்கிறது. ஹாரிஸ் ட்வீடுங்கற கம்பளித் துணியை இந்த வெளித் தீவுக்காரங்க அவங்கவங்க வீட்டுல கையால நெய்யணும்னு 1993-ல பார்லிமென்டே சட்டம் போட்டிருக்கு. அவரு அந்தப் புகாரை எழுதறப்போ முதுகுக்கு வெச்சிருந்த திண்டு, அதே தறியில நெய்ஞ்சது.

நெய்யறவன் என் பேரன். கொட்டகைக்குப் பின்னால பச்சையா ஒரு கேரவன் தெரியுதுல்ல, அங்கதான் அவனும் பொண்டாட்டியும் ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் குடியிருக்காங்க. காத்துக்குப் பறக்காம இருக்கக் கயிறு போட்டு, நுனியில கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கோம். எங்க அப்பா புல்லுக் கூரையைக் கட்டி வெச்ச அதே கட்டு, கல்லும் அதே கல்லுதான். இந்தப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு தேடிப் பாத்துட்டான், கிடைக்கலை. காலியாக் கிடக்கிற வீடெல்லாம் காலி இல்லை, விருந்தாளிக்கு. மாசம் பூரா அவனால குடுக்க முடிஞ்சதை நீங்க ஒரே வாரத்துல குடுக்கறீங்களே, எந்த வீட்டுக்காரன் அவனுக்கு விடுவான்?

இந்த வீட்டுக்காரனா? அந்தச் சிடுமூஞ்சி நான்தான். எங்க அப்பா கட்டின வீடு. கோப்புல அடிக்கோடு போட்டது இந்தக் கைதான். அப்படிப் பாக்காதீங்கம்மா, உங்க வாடகையிலதான் அவனுக்கு அந்த மேட்டுல ஒரு வீடு எழும்பணும். கடைகால் தோண்டியாச்சு, சாமான் கப்பல்ல வர்றதுக்குள்ள விலை ஏறிக்கிட்டே போகுது. அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் அவங்க இங்கதான் இருப்பாங்க, அப்ப வரணும்னு எழுதாதீங்க, இடம் கிடையாது.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நீங்க கிளம்பணும், அடுத்தவங்க நாலு மணிக்கு வர்றாங்க. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு, கோப்புல இல்லாதது. படுக்கை விரிப்பை நீங்களே உருவிக் கூடையில போட்டு, கூடையைக் கொட்டகை வாசல் வரைக்கும் தூக்கிக் குடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. துவைக்கிறது பேரன் பொண்டாட்டி. அவளுக்கு இது ஏழாம் மாசம்.