எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்

மைசூர்க் கல்லூரிகளில் டிபார்ட்மெண்டுக்கு ஒருவராவது இப்படி அகப்படுவார். ஏதோ பயிலரங்குக்குப் போய் கூகுள் டாக்ஸைக் கண்டு வந்தவர்; அன்றோடு நோட்ஸ் சொல்வதை விட்டார். "நான் எதுக்குச் சொல்லணும்? எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போடுவார்.

"ஓப்பன் ஆக்தில்லா சார்" என்று கடைசி பெஞ்ச் குரல் கொடுக்கும். அனுமதி கேட்டு மெயில் மேல் மெயில் வந்து குவியும். ஒவ்வொன்றாகச் சம்மதம் தந்து மாளாமல், லிங்க் உள்ள எவரும் எழுதலாம் என்று கதவை அகலத் திறந்துவிடுவார். அங்கே பிடித்தது சனி.

லாகின் செய்யாமல் நுழைகிறவனுக்கு கூகுள் தானே ஒரு மிருகப் பெயரைச் சூட்டிவிடும். கேப்பிபாரா வரும், வாம்பட் வரும், 1883இல் பூண்டோடு அழிந்த குவாகாகூட வரும். 1892இல் தொடங்கிய மைசூர் ஜூவுக்கே கிட்டாத பாக்கியம்! வந்த குவாகா என்ன எழுதும்? "ஹாய் சார்."

தலைப்பு எப்போதும் ராதாகிருஷ்ணன்தான். 1918 முதல் 1921 வரை மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். கல்கத்தாவுக்கு அவர் கிளம்பிய நாளில், பூ ஜோடித்த வண்டியை மாணவர்களே ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள் என்பார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் சாருக்குக் குரல் கம்மும். அவருடைய டாக்கிலும் இழுவை உண்டு. ஆனால் இழுப்பவள் ஒருத்தி, மற்றவர்கள் வண்டிக்குள். முதல் பெஞ்சுப் பெண் மூச்சுவிடாமல் டைப் அடிக்க, அவள் வரிக்குப் பின்னாலேயே கலர் கலராகக் கர்சர்கள் நகரும். ஒருவன் கமா போடுவான். அடுத்தவன் அதை எடுப்பான். மூன்றாமவன் தலைப்புக்கு மஞ்சள் பூசுவான். நாலாமவன் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி அழித்துவிட்டு "நானில்லை சார்" என்பான், யாரும் கேட்பதற்கு முன்பே.

சார் கலங்குவதில்லை. வர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பழையதை மீட்பார். யார் எதை எழுதினார்கள் என்று அப்படியே பெயர் பெயராகப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பத்தி அபாரமாக இருந்தது. எழுதியது மிருகக் கூட்டத்தில் ஒன்று. பெயரில்லாதவர்கள் எல்லாரையும் ஹிஸ்டரி ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. அந்தப் பத்தி வளர்ந்தபோது அங்கே குவாகாவின் கர்சரைப் பார்த்ததாக சாருக்கு ஞாபகம்.

"யாரப்பா குவாகா? அஞ்சு இன்டர்னல் மார்க் தர்றேன்."

பதினேழு கைகள் எழுந்தன. அதில் இரண்டு அன்று கல்லூரிக்கே வராதவர்களுடையவை, வாட்ஸ்அப்பில் தூக்கியிருந்தார்கள்.